அறுபத்தேழு கிலோ

சனிக்கிழமை காலையில் பட்டாணி சூப் குடிக்காமல் எங்கள் ஊரில் யாரும் சைக்கிள் ஏறுவதில்லை. பெல்ஜியத்தில் எங்கள் ஃபிளாண்டர்ஸ் பக்கத்துப் பனிக்கு அது வேண்டும். அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமையும் பெர்த்தா பெரிய பானை நிறையக் கொண்டுவந்திருந்தாள். நெலே மட்டும் தொடவில்லை. நான் வந்தது அவளைப் பற்றிச் சொல்லத்தான்.

எங்கள் சைக்கிள் மன்றத்தில் நாங்கள் ஒன்பது பெண்கள். எல்லாரும் ஐம்பதை ஒட்டியவர்கள். நவம்பரில் தொடங்கி, ஏப்ரல் சவாரிக்குள் வாரம் அரை கிலோவாக எடை குறைப்பது என்று பேசிவைத்தோம். யாரும் வீட்டில் எடை பார்த்து அழக் கூடாது என்று எல்லாருடைய எடைப் பொறிகளையும் வாங்கி, மன்றத்து அலமாரியில் பூட்டினேன். அது என் யோசனை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்து நர்ஸாக இருந்தவள் என்பதால் யாரும் மறுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் மன்றத்தில் பொறி மேல் ஏறி, சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், நான் எண்ணைக் காதில் சொல்வேன். அரை கிலோவுக்கு மேல் இறங்கியவளை அந்த வாரம் சைக்கிள் ஏற விடமாட்டோம். வெண்ணெய் தடவிய ரொட்டியோடு சூப்பை எங்கள் கண்ணெதிரே குடித்தாக வேண்டும். நல்ல ஏற்பாடு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நூலகத்தில் வேலை பார்த்த நெலேயும் நானும் பதினொரு வருடமாகக் கடைசி ஜோடி. காற்றடிக்கும் பம்பு எங்களிடம்தான் இருக்கும். "வால் வந்து சேர்ந்தாச்சா, இப்பவாவது காபி சொல்லலாமா?" என்று மேட்டின் மேல் நின்று கேலி செய்வார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

நான்காவது சனிக்கிழமை, கல் பாவிய மேட்டில் அவள் என்னைத் தாண்டிப் போனாள். உச்சியில் எனக்காகக் காத்திருந்தாள்.

"மெதுவா வா கத்லேன். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்," என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரம் பொறி அறுபத்தைந்தரை காட்டியது. நான் அறுபத்தேழு என்றேன், நவம்பரில் அவள் தொடங்கிய அதே எடை. மனம் தளர்ந்து பழையபடி என் பக்கத்தில் வருவாள் என்றுதான் நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் எனக்கு இல்லை.

அவள் ரொட்டியை நிறுத்தினாள். பிறகு உருளைக்கிழங்கை. நான் வாராவாரம் அறுபத்தேழு என்றே சொன்னேன்.

"பேன்ட்டு இடுப்புல நிக்க மாட்டேங்குது. எடை மட்டும் எப்படிடி அசையவே மாட்டேங்குது?"

"சதை முறுக்கேறுது. அதுக்குக் கனம் ஜாஸ்தி."

"நீ சொன்னா சரிதான். கண்ணாடியில எனக்கு நான் எப்பவுமே குண்டுதான். அதை நம்ப முடியாது."

இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட் என்று சுற்றிக்கொண்டு வந்ததால் மற்றவர்களுக்கு உடம்பு தெரியவில்லை. பெர்த்தா மட்டும் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "இவ மூஞ்சி வத்திப்போய்க் கிடக்கே, நீ சரியாத்தான் பாக்குறியா?" முப்பத்தொரு வருடமாகப் பார்ப்பவளிடம் இதையா கேட்பது என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். அதை வாங்கிக்கொண்டேன். இப்போது சொல்ல நாக்கூசுகிறது.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை பொறி காட்டியது ஐம்பத்தொன்று. அத்தனை உயரமான உடம்பில் மூன்று மாதத்தில் பதினாறு கிலோ போயிருந்தது. அந்த உடம்பு மேடு ஏறக் கூடாது என்று எனக்குத் தெரியும். பள்ளியில் ஒரு பிள்ளை அப்படி வந்திருந்தால் அந்த நிமிடமே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். அறுபத்தேழு என்றேன்.

மேட்டில் பாதி வழியில் இறங்கி, கைப்பிடி மேல் தலை சாய்த்து நின்றிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மற்றவர்கள் உச்சியைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

"உண்மையச் சொல்லு. கால் கிலோவாவது குறைஞ்சுதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை வாரம் ஏய்த்ததும் வெளியே வரும். "இல்ல," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அப்படியே சரிந்தாள். நெஞ்சை அழுத்திப் பார்த்தேன், ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தினேன். பயன் இல்லை.

பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்திருக்கும் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். நேற்று பெர்த்தா சூப் கொண்டுவந்து, "நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுடி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் நானாக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

நெலே என்னை விட்டுப் போகக் கூடாது என்ற பிரியத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம், அதை அடித்துவிடுங்கள். அன்று வளைவு திரும்பியபோது, அந்த மேட்டில் அவள் தனியாக நிற்பது தெரிந்தது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அவளை எட்டிப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்.