குத்தாலிங்கத்துக்குக் கிடைத்த பதக்கம்

சாரல் காலத்தில் தென்காசியில் வேட்டி காய்வதே இல்லை. ஈர வாடையோடு வந்து உட்கார்ந்திருப்பதற்கு மன்னிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் கூப்பிடாமல்தான் வந்திருக்கிறேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திய இந்த நம்பிராஜன் மேல் இந்த ஊரில் யாருக்கும் எதற்கும் சந்தேகம் வராது. அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று வருடம் முன்பு செண்பகா அருவியில் விழுந்து இறந்த குத்தாலிங்கத்தைப் பற்றித்தான். கால் வழுக்கி விழுந்ததாக அப்போது முடிவாயிற்று.

பாளையங்கோட்டையில் காலேஜ் வேலையை விட்டுவிட்டு, கீழப்பாவூரில் மாமனார் வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, செவ்வாய்க் கிரகத்தைப் பார்த்துப் படம் வரைந்தவர் அவர். ஊரில் அவருக்கு நல்ல மரியாதை. பெண்ணின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு தோஷத்துக்குப் பரிகாரம் கேட்க வருவார்கள். அவர் சலித்துக்கொள்ளாமல் வந்தவர்களைத் தொலைநோக்கியில் பார்க்கச் சொல்வார். சங்கரம்மாள் என்று ஒரு அம்மாள் பார்த்துவிட்டு, "இம்புட்டுக்காணு இருந்துக்கிட்டா எம் மகளுக்கு மாப்பிள்ள வரவிடாமப் பண்ணுது?" என்று கேட்டாள். செவ்வாயைப் பற்றி எங்கள் பக்கத்தில் நடந்த ஒரே விஞ்ஞான விவாதம் அதுதான்.

1956இல் செவ்வாயில் பெரிய புழுதிப் புயல் எழுந்து கிரகத்தையே மூடிவிட்டது. புழுதி அடங்கியதும் பழைய கறுப்புத் திட்டுகள் அதே இடங்களில் மறுபடி தெரிந்தன. புழுதியைக் கிழித்துக்கொண்டு ஏதோ செடி முளைத்து வருகிறது, அதுதான் கறுப்பு என்று குத்தாலிங்கம் எழுதினார். வெளிநாட்டுப் பெரியவர்கள் சிலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

சென்னையில் கோள் ஆராய்ச்சிக் கழகம் என்று ஒன்று உண்டு. வருடம் ஒருவருக்குப் பதக்கம் கொடுப்பார்கள். அதற்கு ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும். இந்தப் பக்கத்தில் உறுப்பினர் நான் ஒருவன்தான்.

முதல் தடவை முன்மொழிந்தேன். வயது போதாது என்றார்கள். அடுத்த தடவை, செவ்வாய் மறுபடி பூமிக்குப் பக்கத்தில் வரட்டும், பார்க்கலாம் என்றார்கள். அது வந்தது. அந்த வருடம் தலைவரின் மருமகனுக்குக் கொடுத்தார்கள். சந்திரனைப் பற்றி எழுதியிருந்தார். சந்திரனைப் பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

நான் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் புகழுரையைப் புதிதாக எழுதினேன். குத்தாலிங்கம் செவ்வாயைப் பார்த்தார், நான் குத்தாலிங்கத்தைப் பார்த்தேன். இரண்டில் எது பெரிய உழைப்பு என்று கழகம் யோசித்ததே இல்லை.

1963 ஜூன் மாதம் அவருக்குப் பதக்கம் என்று அறிவித்தார்கள். காசி விசுவநாதர் கோயிலில் என் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். அடுத்த மாதம் ஒரு காலையில், செண்பகாவுக்குப் போய்க் குளித்து வரலாம் என்று அவரே என்னைக் கூட்டிப்போனார். தண்ணீர் அதிகம் என்பதால் மேலே வேறு யாரும் இல்லை. பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பதக்கம் வேண்டாம்னு எழுதிப் போடப்போறேன்."

"ஏன் வே?"

"நான் சொன்னது தப்பு. இந்த மாசியில வரைஞ்ச படத்தப் பழைய படத்தோட வச்சுப் பாத்தேன். அங்கன செடியும் இல்ல, கொடியும் இல்ல. காத்து புழுதியத் தள்ளிட்டுப் போவுது, அடியில உள்ள கறுப்பு தெரியுது. அம்புட்டுத்தான்."

"பதக்கத்த வாங்கிட்டு மெதுவாச் சொன்னா ஆகாதா?"

அவர் சிரித்தார். "அது களவுல்லா. இப்பதான் எனக்கு மனசு லேசா இருக்கு. வாங்க, குளிப்போம்."

அவர் மனசு லேசாகிவிட்டது. என் ஏழு புகழுரைகள் என்ன ஆவது என்று அவர் கேட்கவே இல்லை. நல்லவர்களிடம் இந்தச் சுயநலம் உண்டு.

ஒரு விஞ்ஞானியின் புகழை அவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய நேரமும் வரும். அவர் பாறை விளிம்பில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு தேய்த்துவிடச் சொல்வதுபோல் என் பக்கம் முதுகு இருந்தது. கை வைத்தேன். அதிக பலம் தேவைப்படவில்லை, எண்ணெய்தான் கொஞ்சம் வழுக்கியது. விழும்போது திரும்பிப் பார்த்தார். பயம் தெரியவில்லை, நம்ப முடியாமல் ஒரு பார்வைதான். சாரலில் கண்ணாடி மங்கியிருந்தது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் கத்தினேன்.

டிசம்பரில் சென்னையில் விழா. அவர் மனைவி இராமலட்சுமி தானும் வருகிறேன் என்றாள். துக்கத்தில் இருப்பவளுக்கு மேடை சங்கடம் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். பதக்கத்தை நானே வாங்கினேன், உரையை நானே வாசித்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். பதக்கம் இப்போதும் என் வீட்டில்தான் இருக்கிறது. கீழப்பாவூரில் திருட்டு பயம் அதிகம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் அமெரிக்காக்காரன் விட்ட கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பிவிட்டது. எங்கும் பள்ளம். பெயருக்கு ஒரு கீரைச்செடி கிடையாது. குத்தாலிங்கம் பாறையில் உட்கார்ந்து சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. உயிரோடு இருந்திருந்தால் இரண்டு வருடம் முந்திச் சொன்ன பெருமை அவருக்குக் கிடைத்திருக்கும். அதற்கும் நானே முன்மொழிந்திருப்பேன். அன்றைக்கு அவர் கொஞ்சம் பொறுமையாகப் பேசியிருக்கலாம்.

கழகத்தில் இப்போது வேறு கதை பேசுகிறார்கள். தப்பு தெரிந்து, வெட்கப்பட்டு, தானே அருவியில் குதித்துவிட்டாராம். அதனால் பதக்கத்தை ரத்து செய்யப்போகிறார்களாம். ரத்தானால் முன்மொழிவும் ரத்து. நேற்று இராமலட்சுமி என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அவுக பயந்து செத்தாகன்னு ஊரெல்லாம் பேசுதாக. எம் பிள்ளைக பள்ளிக்கூடம் போக மாட்டேங்குதுக. நீங்கதான கூட இருந்திய? நாலு பேருகிட்டச் சொல்லுங்க, அவுக அப்படிச் செய்யல்லன்னு."

அவள் கேட்டது நியாயம். அதனால்தான் வந்தேன். குத்தாலிங்கம் தற்கொலை செய்துகொள்ளவில்லை, ஐயா. கால் வழுக்கவும் இல்லை. நான்தான் பிடித்துத் தள்ளினேன். இனி அவர் பதக்கத்தை யாரும் தொட முடியாது.

கொன்றவர் நம்பிராஜன் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சரிதான். அதற்குப் பக்கத்திலேயே, முன்மொழிந்தவரும் இவரே என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.