ஷட்டருக்கு அடியில் ஈரச் சாக்கு

இந்த அறையைத் துடைத்தவர் மூலையை அப்படியே விட்டுவிட்டார். அதைப் பார்த்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. உட்காரச் சொல்லாதீர்கள், நடந்துகொண்டே சொல்கிறேன்.

நான் துப்புரவுக் குழுவின் சூப்பர்வைசர். பெரிய கடைக்கட்டடம் ஒன்றின் நிலத்தடி வண்டி நிறுத்தம் எங்கள் பொறுப்பு. தெருவுக்குப் புகை வரக்கூடாது, அதனால் புகை கக்கும் பெட்ரோல் மெஷின்கள் இனிக் கூடாது, பேட்டரி மெஷின்தான் என்று விதி வந்தது. நல்ல விதி. நானே முன்னின்று எல்லாவற்றையும் மாற்றினேன். தண்ணீரைப் பீய்ச்சும் பழைய பெட்ரோல் மெஷின் ஒன்றை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். புதுசு சொகுசாக வளர்ந்த பிள்ளை, எண்ணெய்க் கறையைக் கண்டால் பாதியில் படுத்துவிடும்.

அதிகாரி சோதனைக்கு வரவேண்டிய அன்றும் படுத்துவிட்டது. தரை முழுக்கச் சோப்பு நுரை. என்னோடு இருந்தவன் என் தங்கை கணவன். நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன்.

"மாப்ள, பழசப் போட்டு அடிச்சு விட்ரு. ஷட்டர மூடிக்கறேன்."

"மூடிட்டா எப்படி மச்சான்? ஃபேனாவது போடு. நீதானே சொல்லிக் குடுத்த?"

உண்மைதான். ஷட்டரை ஏற்றி, ஃபேன் சுற்றுவதைப் பார்த்த பிறகே மெஷினின் கயிற்றை இழுக்க வேண்டும். எங்கள் தொழிலின் பாலபாடம் அது. ஆனால் அந்த ஃபேன் புகையை நேரே தெருவில் தள்ளும். பிடிபட்டால் என் வேலை போய்விடும்.

"கொஞ்ச நேரந்தான்" என்றேன். அவன் என் பேச்சைத் தட்டமாட்டான். ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டி, அடி இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தேன்.

அதிகாரி சீக்கிரமே வந்துவிட்டார். தரை வழுக்கும் என்று சொல்லி வாசலிலேயே நிறுத்தி, புது மெஷின்களைக் காட்டினேன். உள்ளே கேட்ட உறுமலைத் தண்ணீர் மோட்டார் என்றேன்.

"யாரோ தட்டுற மாதிரி இருக்கே?"

"பழைய பைப்பு சார். தண்ணி ஏறும்போது அப்படித்தான் தட்டும்."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. திறந்தால் புகை அவர் முகத்தில் அடிக்கும். என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, அங்கும் இங்கும் அலைந்தேன். பிறகு தட்டுவது நின்றது. பெரிய நிம்மதியாக இருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று நிதானமாகச் செய்து காட்டினேன். அவரும் ஆர்வமாகக் கேட்டார்.

அவர் போன பிறகு திறந்தேன். மாப்பிள்ளை ஷட்டரை ஒட்டிக் கிடந்தான். சாக்கை உள்ளே இழுக்கப் பார்த்திருக்கிறான், விரலெல்லாம் சணல் நார்.

"அவரு உன்னக் கூப்பிடவே இல்லையாண்ணா?" என்று தங்கை கேட்டாள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். கேட்டது. மச்சான், மச்சான் என்றுதான் கூப்பிட்டான்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விதியை மீறினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்று அந்தத் தெருவுக்குத் துளிப் புகை வரவில்லை.