எடது கையால அடிக்கிற மொத அடி

நம்ம செங்கரட்டூர்க் குளம் வெட்டி அப்ப ரெண்டு தலைமுறைதான் ஆகியிருக்குமாம். அந்தக் காலத்துல இந்த ஊர்ல தளவாய்னு ஒரு வில்லுப்பாட்டுக்காரர் இருந்தாராம். அம்மன் கொடைத் திருநாள்ல அவரு வீசுகோலை எடுத்து வில்லுல ஒரு தட்டு தட்டுனா, தூங்குற பிள்ளையும் எந்திரிச்சு வந்து உக்காருமாம். அழணும்னு பாடுனா ஊரு அழும். அடிக்கணும்னு பாடுனா ஊரு அடிக்கும். அது எம்புட்டுப் பெரிய ஆயுதம்னு அவருக்குத்தான் தெரியல.

அந்த வருசம் வடக்க மழை பொய்ச்சுப் போச்சு. கஞ்சிக்கு வழியில்லாம ஒரு கூட்டம் நடந்து நடந்து, நம்ம குளத்தங்கரையில வந்து விழுந்துச்சாம். சடையன்னு ஒருத்தன், அவன் பொஞ்சாதி வீராயி, இன்னும் கொஞ்சம் சனம். எல்லாம் மண்ணு வெட்டிப் பிழைக்கிற ஆளுக. நம்ம ஊரு என்ன செஞ்சுச்சு? நாட்டாமை கோமதிநாயகம் கூட்டத்தைக் கூட்டி ஒரு கட்டு போட்டாரு. "வந்தேறி ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாது. ஊர்க்கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாது. அவன் சொல்லு கூட்டத்துல செல்லாது." அம்புட்டுத்தான் சட்டம். அவன் கள்ளனா நல்லவனான்னு ஒருத்தரும் கேக்கல.

சட்டம் போட்டா போதுமா, சனம் நம்பணும்ல? நாட்டாமை தளவாயைக் கூப்பிட்டாரு. "வே தளவாய், இந்தக் கொடைக்கு அந்தக் கரை ஒடைச்ச அரக்கன் கதையைப் பாடும்வே. அரக்கனுக்கு நல்லா வடக்கத்திச் சாயல் வரட்டும்"ன்னாராம்.

ஊரு தலையாட்டிக் கேக்குறதைப் பாத்தா பாட்டுக்காரனுக்குப் பசி மறந்துரும். தளவாய் பாடுனாரு. பாட்டுல அரக்கன் சடையன் கட்டுற மாதிரியே முண்டாசு கட்டிக்கிட்டு வந்தானாம். சடையன் மாதிரியே மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தானாம். மழை நாளாப் பாத்துக் கரையை வெட்டி ஊரைக் கொல்ல வந்தானாம். ஆம்பளைக பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டாக. பொம்பளைக பிள்ளைகளை இழுத்து மடியில வச்சுக்கிட்டாக.

ஐப்பசி பொறந்துச்சு. மழை பிடிச்சுச்சு. பெய்யுது, பெய்யுது, ஓயாமப் பெய்யுது. ஒரு நாள் பொழுது சாயுற நேரம், மடைக்குப் பக்கத்துல கரை கசிய ஆரம்பிச்சிருச்சு. கரையிலயே கெடந்தவுக கண்ணுலதான் அது பட்டுச்சு. கரை போனா கீழ இருக்குற செங்கரட்டூரு மொத்தமும் போச்சு. சடையனும் ஆளுகளும் மம்பட்டியைத் தூக்குனாக, மண்ணை வெட்டிக் கசிவுல போட்டாக. வீராயி ஊரு எல்லைக்கு ஓடுனா. உள்ள போகத்தான் கூடாதே, எல்லையில நின்னு கத்துனாளாம். "ஐயா, கரை ஒடையப் போகுது, ஆளு வாங்கய்யா."

ஊரு கேட்டுச்சு. ஆனா நம்பல. அரக்கன் வேலையைத் தொடங்கிட்டான்னு நெனைச்சுச்சு. ஆளு வந்துச்சு, அருவாளோட வந்துச்சு.

மழைக்குள்ள அவுக என்னத்தைக் கண்டாக? முண்டாசைக் கண்டாக. மம்பட்டியைக் கண்டாக. பாட்டுல கேட்டது அப்படியே கண்ணு முன்னால நிக்குது. "வெட்டுறாம்லே, கரையை வெட்டுறாம்லே"ன்னான் ஒருத்தன். மொத வெட்டு சடையன் கழுத்துல விழுந்துச்சு. அள்ளுன மண்ணோட அந்தக் கசிவுக்குள்ளயே அவன் சாஞ்சான். இன்னொருத்தனைக் கம்பால அடிச்சு மண்டையைப் பொளந்தாக. "அடைக்கிறோம் சாமி, அடைக்கிறோம்"னு ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையிலயே வெட்டுனாக. அவன் சொல்லுதான் செல்லாதே. பாவிக, தளவாய் பாட்டைப் பாடிக்கிட்டே கொன்னாகளாம்.

தளவாயும் ஓடி வந்தாரு. அவரு பாட்டு அவரு காதுலயே விழுந்துச்சு. கரைக்குக் கீழ பாக்காரு, வீராயி திரும்பி வந்து சடையன் மேல மண்ணை அள்ளி அள்ளிப் போடுதா. புருசன் ஒடம்பையே அணையா வச்சு ஓட்டையை அடைக்கா. நாட்டாமை மவன் அவ தலைக்கு நேரா அருவாளை ஓங்கிட்டான்.

"எலே, நான் பாடுனது பொய்யி"ன்னு தளவாய் குறுக்க பாஞ்சு வலது கையை நீட்டுனாரு. ஓங்குன அருவா நிக்குமா? மணிக்கட்டோட போச்சு. வீசுகோல் பிடிச்ச கை சேத்துல கெடக்கு. அப்பத்தான் சனம் ஓஞ்சுச்சு. ஓஞ்ச பெறகுதான் கசிவுல தண்ணி பாயுற சத்தம் அவுகளுக்குக் கேட்டுச்சு.

வீராயி நிமிந்து பாத்தாளாம். "வெட்டுனது போதும்னா மண்ணைப் போடுங்க"ன்னாளாம். போட்டாக. அழுதுக்கிட்டே போட்டாக. கரை நின்னுச்சு.

பெறகு அவளைக் கூட்டத்துல நிறுத்தி, "ஒனக்கு என்னத்தா வேணும்?"னு கேட்டாக. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். இனி ஒருத்தன் வந்தா, மொதல்ல அவனைப் பேச விடுங்க. அப்புறமா அவனைப் பத்திப் பாடுங்க"ன்னாளாம்.

அதான் இன்னைக்கும் நம்ம கூட்டத்துல வெளியூர்க்காரன் சொல்லி முடிக்காம உள்ளூர்க்காரன் வாயைத் தொறக்கக் கூடாது. கொடையில எப்பேர்ப்பட்ட வில்லுக்காரன் வந்தாலும் மொத அடியை எடது கையாலதான் அடிக்கணும். மடைக்குப் பக்கத்துல இருக்குற மேட்டுக்குச் சடையன் கரைன்னு பேரு. செத்துப்போன மத்தவுக பேரு யாருக்கும் தெரியாது. உசுரோட இருக்கையில ஒருத்தரும் கேக்கலியே. அதான் அந்த மொத அடியை அடிச்சிட்டு வில்லுக்காரன் சித்த நேரம் பாடாம உக்காந்திருக்கான். அது அவுகளுக்காகத்தான்.