கணுக்கால் அளவு

— அப்போ அடுத்த மாசத்துலருந்து இந்த ரூமே கிடையாதா, டாக்டர்? வெளியில நர்ஸம்மா சொன்னாங்களே.

— ரூம் இருக்கும் டைலரம்மா. வியாழக்கிழமை கால் பிரிவுதான் இருக்காது. நீங்க சாக்ஸைக் கழட்டிட்டு அந்த ஸ்டூல் மேல ஏறி நில்லுங்க. நின்னாத்தான் ரத்தக்குழாய் புடைச்சுத் தெரியும்.

— ஏம்மா, என் தோளைப் பிடிச்சு ஏறு. டாக்டர், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஓடிக்கிட்டிருக்கிற வண்டிய நிறுத்தணும்னா ஒரு காரணம் வேணுமில்ல? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் கேக்கறேன்.

— காரணம் இருக்கு சார். ஒன்பது பேருக்கு இந்த மருத்துவ சாக்ஸ் குடுத்தேன். மூணு மாசம் ஆச்சு. மூணு பேருக்குத்தான் வீக்கம் வடிஞ்சிருக்கு. மீதி ஆறு பேருக்கு அப்படியே இருக்கு. உங்க வீட்டம்மாவும் அந்த ஆறுல ஒருத்தர். "இதுல என்னம்மா பிரயோஜனம்"னு மேலிடத்துல கேக்கறாங்க. லேசர் மெஷினை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க.

— ஐயோ, எனக்குப் பண்றேன்னு சொன்ன லேசர்?

— அங்கதான் போய்ப் பண்ணிக்கணும். அஞ்சு மணி நேரம் பஸ். அப்புறம் செக்கப்புக்கும் அங்கதான் போகணும்.

— நடக்கிற காரியமா இது? என் கடைய யாரு பாக்கறது? ஏற்கனவே மத்தியானத்துக்கு மேல கட்டிங் மேஜை முன்னாடி நிக்க முடியல. கால் கல்லாட்டம் கனக்குது. மேஜைய வித்துட்டு வீட்டுல உக்காருன்னு இவர் சொல்றார்.

— நான் எங்க சொன்னேன்? வேற வழியே இல்லன்னா பாக்கலாம்னேன்.

— ரெண்டும் ஒண்ணுதான். சும்மா இருங்க.

— நான் ஒண்ணும் சொல்லல.

— சார், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இந்தப் பிரிவை ஆரம்பிக்க ரெண்டு வருஷம் ஒவ்வொரு கதவா தட்டினேன். இதோ லெட்டர். "எதிர்பார்த்த பலன் இல்லை"ன்னு நானே எழுதியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நான் படிச்சதே தப்போன்னு தோணுது.

— அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். உங்க கை ராசியான கை.

— ராசி இருக்கட்டும், கொஞ்சம் திரும்புங்க. ம்ம்... முழங்காலுக்குக் கீழ கயிறு மாதிரி ஓடுது பாருங்க. இதுக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கும். மேல போற ரத்தம் கீழ திரும்பாம அதுதான் தடுக்கும். உங்களுக்கு அது சரியா மூடல, ரத்தம் கீழயே தேங்குது. அட, கணுக்கால்கிட்ட தோல் கறுத்திருக்கே, போன மாசம் இது இல்லையே! இப்படியே விட்டா புண்ணாயிடும் டைலரம்மா.

— டாக்டர், தொடையில சிலந்தி வலையாட்டம் சிவப்பும் நீலமுமா இருக்கே, அதுவும் புண்ணாகுமா?

— அது ஒண்ணும் பண்ணாது. தோலுக்கு அடியில இருக்கிற நூல் மாதிரிக் குழாய். பார்க்கப் பிடிக்கலன்னா மெல்லிசான ஊசி போட்டு மறைய வைக்கலாம். இல்லன்னா விட்டுடலாம்.

— விட்டுடுங்க டாக்டர். அத என்னைத் தவிர யாரு பாக்கப் போறா? எனக்கு அது பழகின ரூட்டு.

— வாய மூடறீங்களா? டாக்டர் முன்னாடி என்ன பேச்சு இது!

— ஒரு நிமிஷம். டைலரம்மா, சாக்ஸை இப்போ நீங்களேதான் கழட்டினீங்களா?

— ஆமா. ஏன் டாக்டர்?

— நான் கிளவுஸ் போடறதுக்குள்ள கழட்டிட்டீங்க. மத்தவங்க அதோட மல்லுக்கட்டிட்டு என்னையும் சேர்த்துத் திட்டுவாங்க. அதுவுமில்லாம, கால்ல அச்சு எங்க? கழட்டின உடனே கோடு கோடா பதிஞ்சிருக்கணும். உங்க கால் வழவழன்னு இருக்கு. தினம் போடறீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க.

— சத்தியமா போடறேன் டாக்டர். காலைல கட்டிலை விட்டு எறங்கறதுக்கு முன்னாடி, நீங்க சொன்ன மாதிரியே. இவரைக் கேளுங்க.

— போடறா டாக்டர். அதுல பொய்யே இல்ல. போடறதெல்லாம் போடறா...

— என்ன சார் இழுக்கறீங்க?

— நான் ஒண்ணும் சொல்லல.

— டைலரம்மா?

— அது... டாக்டர், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அந்த சாக்ஸைத் தெச்சவனுக்குத் தொழில் தெரியல. மேல முழங்கால்கிட்ட லூசு, கீழ கணுக்கால்ல உடும்புப் பிடி. எந்த டைலராவது அப்படி வெட்டுவானா? கால் போற வாயில்ல அது? நான் டேப் வெச்சு அளந்தே பாத்துட்டேன். அளவு சுத்தமா தப்பு.

— அதனால?

— அதனால பின்பக்கம் கணுக்கால்லருந்து ஒரு ஜாண் வெட்டி, அதே கலர்ல பனியன் துணி பட்டை வெச்சு, ரெண்டு அங்குலம் விட்டுத் தெச்சேன். மூணு ஜோடியையும்.

— கடவுளே. கொண்டாங்க அதை. எங்க தையல்? எனக்குத் தெரியவே இல்லையே. போன ரெண்டு தடவையும் நான் தொட்டுப் பார்த்தேனே!

— தெரியாம தெச்சாத்தானே டாக்டர் தையல்?

— டைலரம்மா, அது தப்பு அளவு இல்ல. வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. கணுக்கால்ல இறுக்கம் ஜாஸ்தி, மேல போகப் போகக் குறையும். அந்த அழுத்தம்தான் ரத்தத்தைக் கீழருந்து மேல தள்ளுது. மருந்தே அந்த இறுக்கம்தான். நீங்க மருந்தைக் கொட்டிட்டு வெறும் பாட்டிலைக் குடிச்சிருக்கீங்க.

— ஐயையோ! டைட்டா இருக்கிறதுதான் மருந்தா? யாருமே சொல்லலையே!

— நான்தான் சொல்லியிருக்கணும். போடுங்க போடுங்கன்னு சொன்னேன், ஏன் இறுக்கம்னு சொல்லல. டைலர்கிட்ட துணியக் குடுத்தா அளவு பாப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

— அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டர், டாக்டர் குடுத்ததுல கத்திரி வெக்காதன்னு. இவ கேட்டாத்தானே. கையில கத்திரி இருந்தா ஊரையே ஆல்டர் பண்ணிடுவா.

— இனிமே கத்திரிய நெனச்சுக்கூடப் பாக்க மாட்டேன் டாக்டர். என் காலு இனிமே தேறுமா?

— நல்லாவே தேறும். புது ஜோடி தரேன், அதை ஒழுங்காப் போடுங்க. வீக்கம் வடியும், தோல் கறுக்கறதும் அடங்கும். ஆனா அந்தக் கதவு திரும்ப வேலை செய்யாது, அதுக்கு லேசர்தான். மரத்துப்போக ஊசி போட்டு, குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு லேசர் இழையை விட்டு, சூடு பண்ணி உள்ளயே மூடிடுவோம். அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். மிச்சமா வளைஞ்சு நெளிஞ்சு இருக்கிற சின்னக் குழாய்க்கு நுரை மாதிரி ஒரு மருந்து ஊசி. முன்னெல்லாம் கிழிச்சு உருவி எடுப்பாங்க, இப்போ பெரும்பாலும் அது தேவைப்படறதில்ல.

— ஒண்ணை மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்? கால் செத்துப் போயிடாதா?

— அட, இது தெரியாதா உனக்கு? பாலத்துல ஓட்டை விழுந்தா மாத்துப் பாதையில விடறோமில்ல? பஸ் போய்ச் சேருமா சேராதா?

— சார் சரியாச் சொன்னார். உள்ள ஆழத்துல பெரிய குழாய் நல்லா இருக்கு, ஸ்கேன்லயே பாத்துட்டேன். ரத்தம் அதுல போகும். ஒரு வாரம் பத்து நாள்ல மேஜைக்குத் திரும்பிடலாம். நடுவுல நடுவுல உக்காந்து காலைத் தூக்கி வெச்சுக்கணும், அவ்வளவுதான்.

— அப்போ மேஜைய விக்க வேணாம். கேட்டீங்களா?

— கேட்டேன். எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கு. நீ கடைக்குப் போனாத்தான் வீட்டுல நிம்மதி.

— ஆனா டைலரம்மா, லேசரை நான் பண்ண முடியாது. மெஷின் திங்கட்கிழமை போயிடும். அந்த ஊர் டாக்டருக்கு லெட்டர் எழுதித் தரேன்.

— ஏன் டாக்டர்? அதான் சாக்ஸ் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சு போச்சே!

— உங்க ஒருத்தரோட சாக்ஸ் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுது. உங்களைக் கழிச்சாலும் அஞ்சு பேர் இருக்காங்களே. அஞ்சு பேருக்கும் குறையலன்னா அது என் வைத்தியத்தோட தப்புதான். விடுங்க. அந்தப் பேனாவை இப்படித் தள்ளுங்க சார்.

— இந்தாங்க... ஆ! ஏன்டி கிள்ளறே? நான்தான் ஒண்ணும் சொல்லலையே!

— சொல்லாதீங்க, நானே சொல்றேன். டாக்டர், அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க.

— வெச்சுட்டேன். என்ன?

— அந்த அஞ்சு பேர்ல நாலு பேர் சாக்ஸை எடுத்துக்கிட்டு என் கடைக்கே வந்துட்டாங்க. மிச்சமிருந்த ஒரு பெரியவருக்குத்தான் நடக்க முடியல, பாவமா இருந்துச்சு, நானே வீட்டுக்குப் போய் அளவெடுத்துட்டு வந்தேன்.