கண்ணை மூடிக்கொண்ட காரணம்

என் பெயரும் விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரியே. வயது நாற்பத்தொன்று. கணவருடனும் மாமியாருடனும் வசிக்கிறேன். மென்பொருள் எழுதுவது என் தொழில்.

எங்கள் மீது திருட்டுப் புகார் கொடுத்துள்ள கம்பெனிக்கு ஒரு கணினி மொழி சொந்தம். அந்த மொழியில் எழுதிய எந்த புரோகிராமும் ஓட வேண்டுமானால் அடியில் ரன்டைம் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களுக்கு அதைத் தருவதைக் கம்பெனி நிறுத்திவிட்டதால் சிறு மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனைக் கருவிகள் நின்றுபோயின. அதன் பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து, அதே வேலையைச் செய்யும் ரன்டைம் ஒன்றைப் புதிதாக எழுதி, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி பொதுவில் வைத்தோம். கம்பெனியுடையதை வெளியிலிருந்து ஓட்டித்தான் பார்ப்போம். அதன் உள்ளே எழுதியிருக்கும் மூல நிரலை அறிந்தவர் எவரும் எங்களுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. மனதில் ஒட்டியது கைக்கு வந்துவிடும், அப்புறம் திருட்டுப் பட்டம்தான். வேலை முடிந்த நினைவகத்தைக் காலி செய்யும் பகுதி முழுவதும் நான் எழுதியது.

என் உடன்பிறந்த அண்ணன் அதே கம்பெனியில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வருவார். "வேலையப் பத்திப் பேசாத வரைக்கும்தான் ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி" என்று அண்ணி கேலி செய்வார்.

இன்று காலை விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் ஐயாவின் அறையில் கம்பெனி வக்கீலும், அவர்களுடைய தொழில்நுட்ப சாட்சியாக என் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். முந்தாநாள் என் வீட்டில் சாப்பிட்டபோது இதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அதன் பிறகு வக்கீல் இரண்டு தாள்களை என் முன்னால் தள்ளி, "ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஒன்று கம்பெனியின் மூல நிரல் என்று புரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா அதைக் குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டார். வெளியாள் ஒருவரை வைத்து ஒப்பிடுங்கள் என்று கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

அதன் பிறகு பிஸ்கட் கடிக்கும் சத்தமும், தாளில் விழுந்த தூளைத் தட்டிவிடும் சத்தமும் கேட்டன. "கண்ண மூடிக்கிட்டா எப்படி பாப்பா? சரி, நான் வாசிக்கிறேன்" என்று அண்ணன் ஆரம்பித்தார். நான் எழுதிய பகுதிக்கு நேரான பகுதியாகத் தேடியெடுத்து வாசித்தார். காதைப் பொத்துவதற்குள் பாதி விழுந்துவிட்டது. எங்கள் விதி அவருக்கு நன்றாகத் தெரியும். என்னை ஒழித்துக்கட்ட, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக்கொண்டே, மென்றபடி வாசித்தார். வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவித் திரும்பியபோது வக்கீல் அவர் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அருவருப்பாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கேட்ட அளவில் சொல்கிறேன்: அவர்கள் எழுதிய விதம் வேறு, நாங்கள் எழுதிய விதம் வேறு. திருட்டு இல்லை. எங்கள் ரன்டைமில் ஒரு கோளாறு உண்டு, பரிசோதனை நடுவில் கருவி திடீரென்று உறைந்துபோகும். அதன் காரணம் தெரியாமல் போன வருடம் முழுக்கத் தேடினேன். அண்ணன் வாசித்ததில் அதற்கு வழி இருந்தது. எங்கள் விதிப்படி இனி அதை நான் எழுதவும் முடியாது, எழுதப்போகிறவரிடம் சொல்லவும் முடியாது. இன்றோடு அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். அந்த வழி என்ன என்பதை இந்த வாக்குமூலத்திலும் சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும்.

இவை யாவும் என் வாயால் நானே சொன்னவை. எழுதியதை வாசிக்கக் கேட்டு, உண்மையைத் தவிர வேறெதுவும் இதில் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)