நான் நிரப்பிய கோப்பை

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது. சின்னதாக ஓர் ஆப்பு அடித்தால் நின்றுவிடும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. நாற்பது வருஷம் நாடக அரங்கில் தச்சு வேலை பார்த்தவன் நான். எங்கே உட்கார்ந்தாலும் புத்தி முதலில் மரத்தின் மேல்தான் போகும். எழுதுகிறவர் நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும், அழகுபடுத்த வேண்டாம். முடிந்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். படிப்பு நாலாம் வகுப்புதான் என்றாலும், யாரோ எழுதியதன் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

என் இரண்டாவது மனைவி ஏழு வருஷமாகச் சிறையில் இருக்கிறாள். என் மூத்த தாரத்து மகளுக்கு மருந்தைக் கொடுக்காமல் சாகவிட்டாள் என்று தீர்ப்பு. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

என் மனைவி நடிகை. எங்கள் அரங்கில் வருஷா வருஷம் ஓடிய ஒரு சோக நாடகத்தில் கெட்ட ராணி வேஷம் அவளுடையது. ராஜாவின் முதல் தாரத்து மகளுக்கு அந்த ராணி பாலில் விஷம் கலந்து கொடுப்பாள். ராஜா மூன்றடி தள்ளி நின்று, மந்திரியோடு வேட்டைக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருப்பான். அந்தக் கோப்பையை மரத்தில் கடைந்து, வெள்ளிப் பூச்சு பூசியவன் நான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதில் சர்க்கரைப் பால் ஊற்றி வைத்தவனும் நான்தான். அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஆனால் அவள் முகத்தை நான் செய்யவில்லையே. கோப்பையை நீட்டுவதற்கு முன்னால் உள்ளே ஒரு தடவை பார்ப்பாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டை மடித்து, நிதானமாகப் பார்ப்பாள். வசனத்தில் அது கிடையாது, அவளாகச் சேர்த்தது. அந்த இடத்தில் அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும். பின்வரிசையிலிருந்து யாராவது ஒரு பெண்பிள்ளை, "குடிக்காதடி கண்ணு" என்று குரல் கொடுத்துவிடும்.

வெளியிலும் அவளை ராணியாகத்தான் பார்த்தார்கள். மளிகைக் கடைக்காரர் அவள் கையிலிருந்து எதையும் நேராக வாங்க மாட்டார், மேஜை மேல் வைக்கச் சொல்வார். என்னைப் பார்த்தால் அவருக்குக் கேலி.

"அண்ணே, வீட்டுல யாரு சமையல்? எதுக்கும் ஒரு வாய் பூனைக்கு வெச்சுப் பார்த்துட்டுச் சாப்பிடுங்க."

நானும் சிரித்துவிட்டுத்தான் வருவேன்.

என் மகளை நாங்கள் குருவி என்போம். வாய் ஓயாது. பெற்றவள் போய்ச் சேர்ந்தபோது குருவிக்கு ஆறு வயது. இவள் வந்த மறுநாளிலிருந்து வீடெல்லாம் சித்தி, சித்தி என்று ஒரே சத்தம். ஆட்டம் நடக்கும்போது குருவி பக்கத் திரைக்குள் என்னோடு உட்கார்ந்திருப்பாள். ஜனங்கள் ராணியைத் திட்டும் இடம் வந்தால் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். சின்னப் பிள்ளை, விவரம் தெரியாது.

ஒருநாள் மனைவியிடம் கேட்டேன். "அந்தப் பார்வையை எங்க புடிச்சே?"

"எங்கம்மா எனக்கு மருந்து கலக்குறப்போ அப்படித்தான் பார்ப்பாங்க, பொடி கரைஞ்சிடுச்சான்னு. அவ்வளவு அக்கறையா வேற யாரும் எனக்காக எதையும் பார்த்ததில்லைங்க."

பெற்ற தாயின் பார்வையை எடுத்து விஷம் வைக்கிற இடத்தில் பொருத்தியவளைப் பற்றி என்ன நினைப்பது என்று அன்று முழுவதும் யோசித்தபடி பலகை இழைத்தேன்.

குருவிக்குப் பன்னிரண்டு வயதில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். "மூணு வேளை, பத்து நாள். ஒரு வேளைகூட விடக்கூடாது. விட்டா ஆபத்து" என்றார். குருவிக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார்.

முதல் நாள் மத்தியானம் அடுப்படி வாசலில் நின்றேன். மனைவி மாத்திரையை நசுக்கி, பாலில் போட்டு, கரண்டியால் கலக்கினாள். பிறகு தலையைச் சாய்த்து, உதட்டை மடித்து, தம்ளருக்குள் பார்த்தாள். அதே பார்வை. எனக்கும் அவளுக்கும் நடுவே மூன்றடி இருக்கும். பதினோரு வருஷமாக அந்த மடையன் ராஜா முதுகைக் காட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து வந்தவன் நான். இப்போது அவன் இடத்தில் நான் நிற்கிறேன் என்று புரிந்தது. நான் சிரித்துக்கொண்டு நிற்கப் போவதில்லை.

"குடு, நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

"குடுங்க. அப்பா கையால குடிச்சா சீக்கிரம் எழுந்துடுவா" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

பின்பக்கப் படியில் ஒரு பூனை படுத்திருக்கும். தம்ளரில் இருந்ததை அதற்கு ஊற்றினேன். தம்ளரை நன்றாகக் கழுவி, நான் தனியாக வாங்கி வைத்திருந்த பாலை ஊற்றிக் குருவியிடம் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கசக்கவே இல்லையேப்பா."

"சித்தி சர்க்கரை நெறைய போட்டிருக்கா."

"அப்போ நல்லா இருந்துச்சுன்னு சித்திகிட்ட சொல்லுப்பா."

சொன்னேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை, பிள்ளை சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்.

பூனை சாகவில்லை. மறுநாள் எனக்கு முன்பே படியில் வந்து காத்திருந்தது. நாலாம் நாள் குட்டிகளையும் கூட்டி வந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது அவளுடைய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. மெதுவாகக் கொல்கிற சரக்கு என்று முடிவு செய்தேன். குருவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, பார்த்தாயா, வேறு எதிலோ கலக்கிறாள் என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகு அவள் வைத்த கஞ்சியையும் கொட்டினேன். ஆறு நாள், பதினெட்டு வேளை. ஒரு வேளைகூட நான் தவறவிடவில்லை.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசியில் ரத்தம் எடுத்தபடியே டாக்டரம்மா, "மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு வேளைகூட விடல டாக்டர். இவரே தன் கையால குடுத்தாரு" என்றாள் மனைவி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை நம்பி, இந்த மருந்துக்கும் அடங்காத வேறு ஏதோ நோய் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் வேறு வைத்தியம் பார்த்தார்கள். அந்த நேரத்திலும் உண்மை தெரிந்திருந்தால் பழைய மருந்தே போதும், பிழைத்திருப்பாள் என்று பிறகு அவரே கோர்ட்டில் சொன்னார். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் விடிகாலை குருவி போய்விட்டாள். கடைசியாகச் சித்தியின் கையைத்தான் பிடித்திருந்தாள். என்னைக் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் எடுத்த ரத்தத்தில் அந்த மருந்து துளிகூட இல்லை என்று பின்னால் தெரிந்தது. மாத்திரை அட்டையிலோ பதினெட்டு மாத்திரை காலி. மருந்து எங்கே போயிற்று என்று போலீஸ் கேட்டது. அவள்தான் கலந்தாள், அவள் தந்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றேன். அவள், "நான் மருந்தைக் கலக்கித்தான் குடுத்தேன், அவரு கொண்டு போனாரு" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கோர்ட்டில் நாடகம் பார்க்காதவர்கள் யார்? வக்கீல் எழுந்து, "பால்ல கலந்து குடுக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானேம்மா?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு தனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்போது தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். மருந்தைக் கொட்டியவன் நான். ஆஸ்பத்திரியில் தலையாட்டியவன் நான். கோர்ட்டில் பொய் சொன்னவனும் நான். என் மகள் செத்தது என்னால். என் மனைவி ஒரு தப்பும் செய்யவில்லை.

ஏழு வருஷம் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தாய் என்கிறீர்கள். அடுத்த மாதம் அவளுக்குத் தண்டனை முடிகிறது. கடிதம் போட்டிருக்கிறாள். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து கண் மங்கிப்போனது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரரை வாசிக்கச் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, தபால்காரரையும் வாசிக்கச் சொன்னேன். "கண்ணு தெரியாம மாத்திரையை மாத்திப் போட்டுடாதீங்க. நான் வந்துடுறேன். வேளாவேளைக்கு நானே எடுத்துக் குடுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாள். குருவியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கோபமே இல்லை. ஏழு வருஷம் உள்ளே கிடந்தவளுக்குக் கோபம் இல்லாமல் இருக்குமா? அது எங்கே போயிருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் தடுக்கப் போவதில்லை. அவள் வெளியே வருவதற்குள் என்னை உள்ளே வைத்துவிட்டால் போதும். அங்கே யார் சாப்பாடு போட்டாலும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவேன். அவள் ஒரு தப்பும் செய்யாதவள் என்று எழுதிவிட்டீர்கள் அல்லவா? சரி. அவள் என்னைப் பார்க்க வந்தால், கையில் ஏதாவது கொண்டுவந்தால், அதை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடச் சொல்லுங்கள்.