உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

சைக்கிளைப் படம் எடுக்க மாலை நாலு மணி வெயில்தான் நல்லது. உச்சி வெயிலில் எடுத்தால் ஸ்போக்குக் கம்பிகள் பளபளத்துக் கண்ணைக் கூச வைக்கும். ஆறு மணிக்கு மேல் எடுத்தால் கறுப்புச் சைக்கிள்கள் எல்லாம் ஒரே சைக்கிளாகத் தெரியும். நாலு மணி வெளிச்சம் சாய்ந்து விழும். பெயின்டில் இருக்கும் கீறல்கூடத் தப்பாது. நீங்கள் மேசைமேல் வைத்த 214-ஆம் எண் படம் நாலே காலுக்கு எடுத்தது. அதனால்தான் இவ்வளவு பெரிதாக்கியும் கலங்காமல் இருக்கிறது.

வாக்குமூலத்தை வாயால் சொல்லச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். பேசினால் முன்னும் பின்னுமாக வரும், நீங்களும் குறுக்கே கேள்வி கேட்பீர்கள். எழுதினால் ஒழுங்காக வரும்.

என் தொழில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. இருபத்தாறு வருஷமாக அரசு அலுவலகம் ஒன்றின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: சிரிக்காதீங்க. சிரித்தால் முகம் மாறிவிடும், அடையாளம் போய்விடும். அந்த நாற்காலியில் அண்ணனுடைய தாளோடு தம்பி வந்து உட்கார்ந்திருக்கிறான். செத்துப்போன அக்காவின் பெயரில் தங்கை வந்திருக்கிறாள். எனக்கு மட்டும் மூக்கில் வியர்த்துவிடும். வாசல் கண்ணாடியில் தெரிகிற ஆளிடமும் அட்டையைக் காட்டு என்று கேட்பீர்கள் என்று என் மனைவி கேலி செய்வாள். சந்தேகப்படுவது ஒரு குணம் என்று அவள் நினைக்கிறாள். எனக்கு அது வேலை.

போட்டிக்கு வருகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய டிரையத்லான். போட்டிக்கு முந்தின நாளே எல்லாரும் சைக்கிளைக் கொண்டுவந்து ஏரிக்கரையில் கம்பிவேலி போட்ட மைதானத்தில் விட்டுவிட வேண்டும். எங்கள் ஆட்கள் அதை வேலி என்றே சொல்வார்கள். மறுநாள் தண்ணீரிலிருந்து எழுந்து ஓடிவந்து, அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவருடைய சைக்கிளை இன்னொருவர் சாவகாசமாக உருட்டிக்கொண்டு போய்விட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது. அப்போதுதான் போட்டி நடத்தும் கமிட்டிக்கு நான் ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். வேலிக்குள் வரும் ஒவ்வொருவரும் சைக்கிளோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முகம், எண், சைக்கிள் மூன்றும் ஒரே படத்தில். எப்போதும் செயின் இருக்கும் வலது பக்கத்திலிருந்து. படம் எடுக்காதவருக்கு அனுமதி இல்லை. கமிட்டி ஏற்றுக்கொண்டது, என்னையே அதற்குப் பொறுப்பாகவும் போட்டது. அதற்குப் பிறகு ஒரு சைக்கிள்கூடக் காணாமல் போகவில்லை.

ஆனால் அந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. உள்ளே வரும்போது மட்டும்தான் படம். வெளியே போகும்போது கிடையாது. ஒரு ராத்திரி முழுக்கச் சைக்கிள் வேலிக்குள் நிற்கிறது. அங்கே என்ன நடந்தது என்று எதை வைத்துச் சொல்வது? உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டு படம் வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டேன். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கமிட்டியின் செயலாளர் என் தங்கை கணவர். நல்ல மனிதர், அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். வாயெல்லாம் பல்லாகத்தான் இருப்பார். அவருடைய அடையாள அட்டைக்கு நான் பதினோரு படம் எடுக்க வேண்டியிருந்தது. என்னை மச்சான் என்பார், நான் மாப்பிள்ளை என்பேன். அவரும் போட்டியில் ஓடுகிறவர். போன மாதக் கூட்டத்தில் அவர்தான் எழுந்து, சைக்கிளை உள்ளே விட மூன்று மணி நேரம் வெயிலில் வரிசை நிற்கிறது, எல்லாம் இந்தப் போட்டோவால்தான், அடுத்த வருஷத்திலிருந்து அதை எடுத்துவிடலாம் என்றார். நான் இரண்டு கேட்டேன். அவர் இருந்த ஒன்றையும் எடுக்கச் சொன்னார்.

நான் ஆட்சேபித்தேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"மச்சான், ஒன்பது வருஷமா எடுக்கறீங்க. இந்த போட்டோவ வெச்சு ஒரு திருடனையாவது புடிச்சிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். தேநீர் கொண்டுவந்த பெண்கூடச் சிரித்தாள். முடிவை இந்தப் போட்டி முடிந்ததும் எடுக்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். எனக்கு அன்று கோபம் இல்லை. இதை நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள், இரண்டு தடவையும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

வேலிக்குள் ஏதாவது நடந்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று எனக்குத் தோன்றியது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு சின்னத் தப்பு, கையும் களவுமாக எல்லாரும் பார்க்கும்படி. முன்சக்கரத்தை ஃபோர்க்கில் பிடித்து நிறுத்துவது ஒரு விரல் நீளக் கைப்பிடி. மடக்கினால் இறுகும், திறந்தால் தளரும். உலகம் முழுக்க அதை இடது பக்கம் வருகிற மாதிரிதான் மாட்டுவார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவரும் இடது பக்கம்தான் ஓடுவார், வலது பக்கம் ஓடினால் செயின் காலில் உரசும். ஆக, கைப்பிடி திறந்திருந்தால் அவர் கண்ணில் படாமல் போகாது. பார்ப்பார், நிற்பார், மடக்குவார், வேலிக்குள் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று சத்தம் போடுவார். நேற்று மூடியிருந்ததா, இன்று திறந்ததா என்று கேள்வி வரும். ஒரு படம் போதாது என்று அப்போது தானாகவே தெரிந்துவிடும். இதுதான் என் திட்டம்.

போட்டி அன்று காலை சங்கு ஊதியதும் நானூறு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். அந்த நேரத்தில் வேலியைத் திரும்பிப் பார்க்கிற ஆள் கிடையாது. காவலுக்கு நிற்கிறவர்கள்கூட ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கழுத்தில் பேட்ஜோடு வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். சைக்கிள்களை ஸீட்டைக் கொண்டு நீளக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள், ஒன்று இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தது அந்தப் பக்கம் பார்க்கும். கடைசியில் இருந்தது 214. குனிந்ததும் கைப்பிடி கைக்கு அகப்பட்டது, எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. திறந்தேன். எதிர்ப்பக்கம் இருக்கும் நட்டையும் நாலு சுற்றுத் தளர்த்தினேன். எழுந்து, கர்ச்சீப்பில் கையைத் துடைத்துக்கொண்டேன். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

214-ஐத் தேர்ந்தெடுத்ததில் சொந்த விஷயம் எதுவும் இல்லை. அது ஓரத்தில் இருந்தது, அவ்வளவுதான். யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுத்ததும் நான்தான் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதுவும் உண்மைதான்.

பாலத்து இறக்கத்தில் முன்சக்கரம் கழன்றுவிட்டது. பின்னால் வந்தவர் சொன்னார், சக்கரம் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் நேராக ஓடியதாம். ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. கழுத்துதான்.

முதல் இரண்டு நாள் நீங்கள் யாரையும் விடவில்லை. வேலிக்கு வெளியே மேசை போட்டுக் காற்று அடித்துக் கொடுத்த மெக்கானிக்கை உட்காரவைத்து விசாரித்தீர்கள். அவர் பெயரை நான் சொல்லவில்லை. காலையில் யார் கையில் கிரீஸ் இருந்தது என்று கேட்டீர்கள், அவர் கையில் இருந்தது என்று சொன்னேன். அது பொய் இல்லை. காவலுக்கு நின்ற கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். யார் முதலில் உள்ளே போனது, யார் கடைசியில் வந்தது என்று தங்களுக்குள்ளேயே கணக்கெடுத்தார்கள். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது படம் இருந்திருந்தால் இந்தப் பாடு வேண்டியதில்லை என்று உங்களிடமே சொன்னேன், நினைவிருக்கும்.

மாப்பிள்ளையின் பதினொன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, தங்கை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். பதினொரு நாளாக அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. துக்கம் என்று நினைத்தோம்.

"அண்ணா, முந்தின நாள் மத்தியானம் பஞ்சர். நான்தான் ஒட்டி, சக்கரத்த மாட்டினேன். அவசரத்துல திருப்பி மாட்டிட்டேன் போல. கைப்பிடி வலது பக்கம் வந்துருச்சு. அவர் பாத்துட்டு, பரவால்ல, ஓடினா சரின்னு சிரிச்சார். நான் சரியா இறுக்கலையோ அண்ணா? என்னாலதான் போயிட்டாரா?"

அழாதே, தண்ணீர் குடி என்றேன். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. மறுநாள் அவளே உங்களிடம் வந்து, தான்தான் கொன்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் நல்ல அதிகாரி. உடனே என் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினீர்கள்.

அதில் எல்லாம் இருக்கிறது. கைப்பிடி வலது பக்கம், செயின் பக்கம், கேமராவுக்கு நேராக. மடங்கியிருக்கிறது. மூடியது என்று பொறித்த பக்கம் வெளியே தெரிகிறது, எழுத்துக்கூட வாசிக்கலாம். என் தங்கை சரியாகத்தான் இறுக்கியிருக்கிறாள். நாலே காலுக்கு மூடியிருந்தது வேலிக்குள் இருக்கும்போதுதான் திறந்திருக்கிறது. சங்குக்குப் பிறகு உள்ளே நடந்தவன் நான் ஒருவன். படம் எடுக்கும்போது நான் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் நான் இப்படிப் பார்க்காமல் எடுத்த படம் இது ஒன்றுதான்.

நீங்கள் அதை என்முன் வைத்தபோது முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒருவன் பிடிபட்டுவிட்டான் என்றுதான் தோன்றியது.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் நேற்று பதில் சொல்லவில்லை. அவர் பார்த்து நிறுத்த வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், கைப்பிடியைத் திறந்ததே போதுமே, நட்டும் தளர்ந்தால்தானே சக்கரம் கழலும், அதை எதற்கு நாலு சுற்றுத் தளர்த்தினாய் என்று கேட்டீர்கள். ராத்திரி முழுக்க யோசித்தேன். அரைகுறையாக ஒரு வேலையைச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை. வேறு பதில் வரவில்லை.

இந்தத் தாளோடு ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாத விஷயம் இது ஒன்றுதான் பாக்கி.

அவர் தண்ணீரிலிருந்து வந்தபோது நான் வேலியின் வெளிவாசலில் நின்றிருந்தேன். பழக்க தோஷம், வலது பக்கம் நின்றேன். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். கைப்பிடி அவர் பக்கம் இல்லை. என் பக்கம் இருந்தது, திறந்து, வெளியே நீட்டிக்கொண்டு. அவருக்கு அது தெரியாது, தெரியப்போவதும் இல்லை என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"மச்சான், இதோ வெளிய போறேன். எடுத்துக்குங்க உங்க ரெண்டாவது போட்டோவ."

நான் கேமராவை உயர்த்தினேன். ஒரே ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொன்னேன்.

"சிரிக்காதீங்க."

அவர் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் போனார். அந்தப் படத்தை எடுத்து, உங்களிடம் இருக்கும் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே முகம், அதே எண், அதே சைக்கிள். ஒன்றில் கைப்பிடி மூடியிருக்கும், மற்றதில் திறந்திருக்கும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மூன்று வருஷமாக நான் கேட்டது இவ்வளவுதான்.